கொழுக்கட்டைப் புல்லை விதையிட்டு வளர்த்தல்
(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதுவது)

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள மேட்டுப்பாங்கான செம்மண் பூமிகளில், கிளுவை வேலியால் நாற்புறமும் அடைக்கப்பட்டு, நடுவே வெள்வேல மரங்கள் அங்கங்கே நிற்கும் மேய்ச்சல் காடுகளை யாவரும் கண்டிருப்பர். இவற்றைக் கொறங்காடு என்று அவ்விடத்துக் குடியானவர்கள் அழைப்பர். காங்கயம் இன மாடுகள் பெயர் பெற்றதற்கு, பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தாரைப் போன்றோர் நல்ல பொலிகாளைகளைத் தெரிந்தெடுத்து வளர்த்து வந்தது ஒரு காரணமெனில், இக்காடுகளில் விளையும் கொழுக்கட்டைப் புல் மற்றொரு காரணமாகும். இக்காடுகளிற் பல உழப்பட்டுப் போயின, சில வீட்டுமனைகளாயின, எஞ்சியவற்றுள்ளும் சில, கால்நடைகளை அளவின்றி விட்டு மேய்த்ததால் நெற்களம்போல் வெறுந்தரையாய்க் கிடக்கின்றன. ஆயினும், தீவனத்தை விலை கொடுத்து வாங்கிக் கட்டுப்படி ஆகாமையால், பழையபடி புற்காடு போட வேண்டுமென்று கேட்டு வருவோரும் உளர். அவர்கள் விதையை வாங்கிச் சென்று, தூவி, மழையும் பெய்து, ஒன்றும் முளைக்கவில்லையென்று திரும்பி வந்து சொல்வதுண்டு. அத்தகையோருக்காகவே இதனை எழுதலானேன்.

பட்டணங்களில் பங்களாக்களின் முன்னே பசும்புல்தரை அமைப்போர், அறுகம்புல்லின் கொடிகளை நறுக்கி நட்டு, நாள்தோறும் நீர் தெளித்து வளர்ப்பர். அது சில சதுர கஜங்களுக்கு ஏற்ற வழி. மேய்ச்சல் காட்டுக்கு அது ஏலாது. கொழுக்கட்டைப் புல்லையும் வேர்த்தூராகப் பிரித்து நடலாம். நன்கு பிடிக்கவும் செய்யும். ஆனால் ஒன்றரை அடிக்கு ஓரடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 29,000 தூர் வேண்டும். அத்தனை தூருக்கு எங்கே போவது? நடுகிற கூலியை யார் கொடுப்பது? மானாவாரி நிலத்தில் நட்ட மறுநாள் தண்ணீருக்கு என்ன செய்வது? விதையோ ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். ஆகையால் விதையே வழி. அவ்விதையின் குணத்தை அறியாமல் கையாளுவதே நஷ்டத்துக்கு மூலம்.

புல்லின் இயல்பு

கொழுக்கட்டைப் புல் ஒருமுறை வேரூன்றினால் எளிதில் அழிவதன்று. அதன் வேர் ஆறடிக்கும் கீழே இறங்கும். தண்டின் அடிப்பாகம் சிறு கிழங்குபோல் பருத்து, அதில் உணவைச் சேமித்து வைத்துக்கொள்ளும். கோடையில் மேலே உள்ள தழை யாவும் காய்ந்து சருகானாலும், ஒரு மழை பெய்த நாலாம் நாள் அக்கிழங்கிலிருந்து பச்சைக் குருத்து புறப்படுவதைக் காணலாம். இப்புல் ஆஸ்திரேலியாவிலும், அமெரிக்காவில் சொனோரா என்னும் பாலைநிலத்திலும் கொண்டுபோய் விடப்பட்டு, அங்கே அடக்கமுடியாதபடி பரவி, காட்டுத் தீக்கும் இரையாகி, அவ்விடத்துச் செடி கொடிகளை அழிப்பதாக அந்நாட்டார் முறையிடுகின்றனர். அந்நிய தேசத்தில் அழிக்க முடியாமல் திண்டாடும் புல், சொந்த ஊரில் முளைக்க மாட்டேனென்கிறது என்றால், குற்றம் புல்லின்மேல் இல்லை என்பது வெளிப்படை.

இப்புல்லில் மிருதுவான நீண்ட சுணையுடைய வகையும், சுணை குறுகிக் கெட்டியான காய்போன்ற வகையும் உண்டு. நீலக் கொழுக்கட்டையில் கோ 1 என்னும் ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டுள்ளனர். இது தழை மிகுதியாய்த் தருவது. எனினும் பக்கத்திலேயே நல்ல பழைய கொறங்காடு இருக்குமாயின், அதன் விதையைச் சேகரித்துக்கொள்வதில் பிழையில்லை. அந்த மண்ணுக்கும் மழைக்கும் பல தலைமுறையாய்ப் பழகிய விதை அது.

சரளையோடு கூடிய செம்மண்ணும், சுண்ணாம்புச் சத்துள்ள கரடும் இதற்கு உகந்தவை. நீர் தேங்கும் கரிசலில் விதைக்க வேண்டாம்.

விதை

இனிச் சொல்லப்போவதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன்.

நான் இந்தப் பிர்காவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஒரு சிறு குடியானவரின் ஒரு ஏக்கர் செம்மண் காட்டில் புல் விதைத்துக் காட்ட முற்பட்டேன். அவரிடம் கறவைப் பசுக்கள் இரண்டும் சில ஆடுகளும் இருந்தன. அவ்வருஷம் கோடை மழை நன்றாய்ப் பெய்திருந்தபடியால் ஆடி மாதத்தில் புல் கதிர் தள்ளி முற்றியிருந்தது. புதிய விதையே நல்ல விதை என்ற எண்ணத்தில், ஆவணியில் ஆள் வைத்து விதையை உருவி, நன்றாய்க் காயவைத்து, புரட்டாசியில் விதைத்தேன். எறும்பு தின்னாமலும் காற்றில் பறக்காமலும் இருக்க வேண்டுமென்று நாட்டுக் கலப்பையால் மேலே ஓர் உழவும் போட்டு மூடினேன். ஐப்பசியில் மழை குறைவில்லாமல் பெய்தது. களை முளைத்தது, கொழுக்கட்டை முளைக்கவில்லை. வயல் முழுவதும் தேடியும் விரல்விட்டு எண்ணும்படி சில நாற்றுகளையே கண்டேன். அந்த ஏக்கரில் அவர் வழக்கமாய் விதைக்கும் கொள்ளையும் அவ்வருஷம் என் சொல்லைக் கேட்டு விதைக்காமல் விட்டிருந்தார். மாசி கழிந்ததும் ஒரு பசுவை விற்றார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய பாரமாயிருந்தது.

விதை காயவைத்த களத்தோரத்தில், கூட்டித் தள்ளிய குப்பையில் கொஞ்சம் விதை கிடந்தது. அடுத்த ஆண்டு கோடை மழையில் அந்தக் குப்பைமேட்டில் கொழுக்கட்டை அடர்த்தியாய் முளைத்து நின்றது. அதைக் காட்டி அவருடைய தாயார், "அந்த விதைக்கு இப்பத்தானுங்க தூக்கம் தெளிஞ்சிருக்குது, போன வருஷத்து விதையைப் போட்டிருக்கோணுமுங்க" என்றார். நான் கல்லூரியிற் படித்ததும் அதுதான். படித்தது வேளைக்கு நினைவுக்கு வரவில்லை.

காரணம் யாதெனில், கொழுக்கட்டை மணி கதிரினின்று உதிரும்போது உறக்க நிலையில் உள்ளது. மணியைச் சுற்றியுள்ள உமியும் சுணையும் முளைப்பைத் தடுக்கின்றன. உள்ளேயுள்ள முளைக்கருவும் சில மாதங்கள் பக்குவப்பட வேண்டியிருக்கிறது. அறுத்து ஆறு மாதமேனும் ஆன விதையே ஒழுங்காய் முளைக்கும்; எட்டு மாதம் முதல் ஒன்றரை வருஷம் வரையில் வைத்திருந்த விதை மிகவும் நன்று. இயற்கையும் இதற்கு இசைந்தே அமைந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்த புல் மார்கழி, தை மாதங்களில் விதை முற்றும். அதைச் சேகரித்து வைத்தால் அடுத்த புரட்டாசிக்கு எட்டு மாதம் ஆகிவிடுகிறது. ஆடி விதையை அதே புரட்டாசியில் விதைப்பதுதான் கூடாது. அதனை அடுத்த ஆண்டுக்கென ஒதுக்கி வைக்க வேண்டும்.

விதை வாங்குவோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இது எந்த மாதம் உருவியது?" என்பதே. பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். இரண்டாவதாக, ஒரு பிடி விதையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கவும். சுணையும் உமியும் நீங்கிப் பழுப்பு நிறமான சிறு மணிகள் கையில் நிற்க வேண்டும். பார்வைக்குச் செழிப்பாய்த் தோன்றும் விதைமூட்டையில் பாதி பொக்காய் இருப்பதுண்டு.

அதன்பின் முளைப்புப் பரீட்சை செய்தல் அவசியம். ஈரச் சாக்குத் துண்டின்மேல் நூறு விதையை எண்ணி வரிசையாய்ப் பரப்பி, சுருட்டி, நிழலில் வைத்து, ஈரம் உலராமல் நீர் தெளித்து வரவும். ஐந்தாம் நாளிலிருந்து பார்த்து, முளைத்ததை எண்ணி எடுத்துவிட்டு, பதினான்காம் நாள் கணக்கை முடிக்கலாம். நெல்லையும் சோளத்தையும் போல் எண்பது, தொண்ணூறு முளைக்குமென்று எதிர்பார்த்தல் தவறு. நூற்றுக்கு முப்பதுக்கு மேல் தேறினால் நல்ல விதையே. ஏக்கருக்கு மூன்று கிலோ போடலாம். பதினைந்துதான் தேறியதெனில் விதையை இரட்டிக்கவும். பத்துக்கும் கீழேயானால் விதைக்காமல் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, மூன்று மாதம் பொறுத்து மறுபடியும் பரீட்சிக்கவும். ஒரு சாக்குத் துண்டும் இரண்டு வார காலமும் செலவிட மனமின்றி, ஒரு வருஷத்து மழையைப் பணயம் வைக்கலாகாது.

நிலமும் விதைப்பும்

நிலத்தைத் தயாரிப்பதில் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. கோடை மழை ஈரத்தில் இரண்டு உழவு, களை முளைத்தபின் மறுபடி ஓர் உழவு, இவ்வளவே. மண்ணை மாவுபோல் ஆக்கக் கூடாது. செம்மண்ணை மிகவும் பொடியாக்கினால், பலத்த மழைக்குப்பின் மேலே பொருக்குத் தட்டி இறுகி, மெல்லிய புல்முளை அதைத் துளைத்து வர முடியாமல் உள்ளேயே மடிந்துபோகும். மக்கிய எரு நாலைந்து வண்டி கிடைத்தால் இடலாம். சூப்பர் பாஸ்பேட் ஏக்கருக்கு 100 கிலோ அடியுரமாய் இடுவது வேர் இறங்குவதற்கு நல்லது. யூரியாவை விதைக்கும்போது இட வேண்டாம். அது களைக்குத்தான் விருந்தாகும். புல் தூர் கட்டியபின், மண்ணில் ஈரமிருக்கையில், 20 கிலோ அளவில் தூவலாம். விதைக்கு முன் கோடையில் ஆட்டுக்கிடை போடுவதும் உண்டு. எருவுக்கு அது சிறந்ததேயாயினும், ஆடுகள் வேற்றிடத்தில் தின்ற களைவிதையும் கூடவே வந்து சேரும். மழைக்குமுன் ஓர் உழவு அதிகம் போட வேண்டியிருக்கும்.

விதைக்கும் காலம் புரட்டாசிப் பிற்பாதி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில், காய்ந்த புழுதியிலோ முதல் மழை ஈரத்திலோ விதைக்கலாம். இரண்டில் எது மேல் என்று கேட்பர். மழை தப்பாது வரும் இடமாயின் முதல் மழைக்குப் பின் விதைப்பதையே நான் விரும்புவேன். ஏனெனில் புழுதியில் கிடக்கும் விதையை எறும்பு இழுத்துப் போய்விடும். மழை பிடித்தபின் காட்டுக்குள் இறங்கமுடியாத இடமாயின் புழுதியில் விதைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது எறும்புக்குத் தப்ப ஓர் உபாயம் உண்டு. செம்மண்ணையும் சாணத்தையும் கூழாய்க் கரைத்து, விதையை அதில் புரட்டி, நிழலில் உலர்த்தி உதிர்த்துக்கொண்டால், விதை கனத்து, காற்றிலும் பறக்காது, எறும்புக்கும் எளிதில் அகப்படாது.

இவ்விதையைத் தனியாய்த் தூவ இயலாது. சுணையோடு சுணை பின்னிக்கொண்டு கையிலிருந்து கட்டிகட்டியாய் விழும். விதை ஒரு பங்குக்கு ஈரமணல் மூன்று பங்கு சேர்த்துப் பிசறினால் சுணை படிந்து, மணலோடு ஒட்டிச் சீராய் விழும். கலந்ததை இரண்டு பாதியாக்கி, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காகவும், மறுபாதியைத் தெற்கு வடக்காகவும் நடந்து தூவவும். ஒரே நடையில் தூவினால், எவ்வளவு தேர்ந்த கையாயினும், வரிவரியாய் வெற்றிடம் விழும்.

மூடுவதில்தான் நான் முன்பு செய்த இரண்டாவது பிழை. கொழுக்கட்டை விதை மிகச் சிறியது. அரை அங்குலத்துக்கு மேல் ஆழத்தில் விழுந்தால் முளை மேலே வந்து சேராது. கலப்பை மூன்று நான்கு அங்குலம் புதைக்கிறது. ஆதலால் கலப்பையும் பரம்பும் இங்கே உதவா. கருவேல முட்கிளை ஒன்றைக் கயிற்றிற் கட்டி, ஒரு தடவை இழுத்துச் சென்றால் போதும். விதையில் பாதி மேலேயே தெரிகிறதே என்று மறுபடி இழுக்க வேண்டாம். அதன்பின் ஓர் ஆட்டு மந்தையை விதைத்த நிலத்தின்மேல் ஒருமுறை மெல்ல நடத்திவிடுவது நலம். குளம்பின் மிதியில் விதை மண்ணோடு அழுந்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த மந்தை அவ்வருஷம் அக்காட்டில் கால் வைப்பது அதுவே கடைசியாயிருக்க வேண்டும்.

புல்லோடு கொள்ளைச் சிறிதளவு கலந்து விதைப்பது நல்லது. முதல் வருஷத்தில் புல்லிலிருந்து வருமானமில்லாக் குறையை அது ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் அடர்த்தியாய் விதைத்தால் கொள் படர்ந்து புல் நாற்றை மூடிவிடும். வழக்கமாய் விதைப்பதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

முதல் வருஷம்

மண்ணில் ஈரம் நிலைத்தால் ஏழெட்டு நாட்களில் முளை காணும். எல்லாம் ஒருங்கே முளைக்கும் என்று எண்ண வேண்டாம். சில விதை இரண்டாம் மழைக்கும், சில அடுத்த கோடை மழைக்கும் காத்திருக்கும். ஒரு மழை பெய்து ஏமாற்றிவிட்டு இருபது நாள் வெயில் காய்ந்தால், முளைத்தவை கருகினாலும் உறங்கியவை பிழைத்திருக்கும். வானம் பார்த்த பூமிக்கு ஏற்ற ஏற்பாடு அது. ஆகையால் முதல் மழைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாய் முளைத்ததைக் கண்டு, வயலை அழித்து உழுதுவிட வேண்டாம். நாலடிச் சதுரத்துக்கு ஐந்தாறு நாற்று நின்றால் அது போதிய பயிர். ஒவ்வொன்றும் தூர் கட்டி, தானே விதையுதிர்த்து, மூன்றாம் ஆண்டில் தரையை மூடிவிடும்.

முப்பதாம் நாளளவில் ஒரு கைக்களை எடுக்க வேண்டும். பார்த்தீனியம் தலைகாட்டினால் பூக்குமுன் வேரோடு பிடுங்கி எறிய வேண்டும். புல் நாற்றுக்கும் களைப்புல்லுக்கும் வேற்றுமை அறியாத ஆட்களை விட்டால், களை நிற்கும், பயிர் போகும். காட்டுக்காரர் கூடவே நின்று எடுப்பித்தல் உத்தமம்.

கார்த்திகை கடைசியில் காடு பச்சென்றிருக்கும். அப்போதுதான் குடியானவருக்குச் சோதனை. கொட்டிலில் மாடு கத்துகிறது. வேலிக்குள் புல் முழங்காலளவு நிற்கிறது. நாலு நாள் விட்டால் என்ன என்று தோன்றும். முதல் வருஷப் புல்லின் அடித்தண்டு இன்னும் பருக்கவில்லை. அதில் சேமிப்பு ஒன்றுமில்லை. வேரும் மேல்மண்ணிலேயே நிற்கிறது. மாடு நாக்கால் சுழற்றி இழுக்கும்போது தூரோடு வந்துவிடும். ஆடோ குருத்தை அடியோடு கொறித்துவிடும். தப்பிப் பிழைத்ததும் பங்குனி வெயிலுக்குத் தாங்காது. விதை நன்றாய் முளைத்தும் இரண்டாம் வருஷம் காடு வெறுமையாய்ப் போன இடங்களை விசாரித்தால், பெரும்பாலும் அந்த நாலு நாள் மேய்ச்சலில்தான் வந்து முடிகிறது.

அதற்காகப் புல்லைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்பதில்லை. தை மாதத்தில் விதை முற்றிப் பாதி உதிர்ந்தபின், தரைக்கு மேல் நாலு அங்குலம் விட்டு அரிவாளால் அறுத்து, உலர்த்தி, போராக வைத்துக்கொள்ளலாம். விதை உதிர்ந்த தாள் சற்று முரடானதே. பூக்கும் தறுவாயில் அறுத்த புல்லின் சத்து அதில் இராது. ஆயினும் சித்திரையில் வைக்கோல் விலை ஏறும்போது அதன் அருமை தெரியும். அடுத்த கோடை மழையில் தழைத்ததை ஒருமுறை வளரவிட்டு, ஆடிக்குமேல், முதலில் கன்றுகளையும் கறவைகளையும், அவை மேய்ந்த பின் ஆடுகளையும் விடலாம். புல்லில் பாதி உயரம் போனதும் காட்டை மூடிவிட வேண்டும். நாலு ஏக்கர் இருப்பின் குறுக்கே வேலியிட்டு இரண்டாக்கி மாற்றி மாற்றி மேய்த்தல் நலம். கிளுவைப் போத்துகளைக் கோடை மழைக்குமுன் நெருக்கமாய் நட்டு வைத்தால், செலவின்றி உயிர்வேலி அமையும். குதிரை வளர்ப்போர் ஒன்றை நினைவில் வைக்கவும். இப்புல்லில் ஆக்ஸலேட் என்னும் பொருள் உண்டு. மாடும் ஆடும் அதைப் பொறுக்கும், குதிரைக்கு நெடுநாள் இதையே தின்னக் கொடுத்தால் எலும்பு பலவீனப்படும்.

இரண்டாம் ஆண்டு புரட்டாசியில், வெற்றிடங்களில் முயல் மசால் விதையைத் தூவுதல் மிகவும் பயனுடையது. அது பயறு வகையைச் சேர்ந்ததாகையால் நிலத்துக்குத் தழைச்சத்தும், மாட்டுக்குப் புரதமும் தரும். புல் மூன்று பங்கும் மசால் ஒரு பங்குமாய் நிற்பது பொருத்தம். இதன் விதைத்தோல் கெட்டியானது. ஆதலால் கொதிக்கும் நீரை அடுப்பினின்று இறக்கி, சற்று ஆறி 80 டிகிரி அளவுக்கு வந்தபின், விதையை நாலைந்து நிமிஷம் அதிலிட்டு வடித்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். கொழுக்கட்டை விதைக்கு இந்தச் சுடுநீர் வைத்தியத்தைச் செய்யலாகாது. அதற்குக் காலமே மருந்து.

முன்பு சொன்ன குடியானவரின் காட்டில், குப்பைமேட்டுப் புல்லில் உருவிய விதையையும், அயல் கொறங்காடொன்றிலிருந்து வாங்கிய தை மாதத்து விதையையும் சேர்த்து, அதற்கடுத்த ஆண்டு மறுபடி விதைத்தோம். கொள்ளையும் உடன் விதைத்தார், இரண்டாம் முறை என்னை நம்பி வெறுங்காடாய் விட அவர் தயாராயில்லை, அது நியாயமே. அந்த ஏக்கர் இப்போது நல்ல கொறங்காடாய் நிற்கிறது. தை மாதத்தில் அக்கம்பக்கத்தார் விதை உருவ அங்கே வருகின்றனர். காலையில் பனி உலர்ந்தபின், கதிரை விரலிடுக்கில் பிடித்து மேல்நோக்கி உருவினால், முற்றியது மட்டும் கையோடு வரும். இழுத்தால் வராததை விட்டுவிட வேண்டும். இரண்டு நாள் நிழலிலும் ஒரு நாள் இளவெயிலிலும் உலர்த்தி, காற்றோட்டமுள்ள சாக்கில் கட்டி, எலிக்கு எட்டாமல் பரணில் தொங்கவிடவும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் புழுங்கிக் கெட்டுவிடும். சாக்கின் வாயில் ஓர் அட்டையைக் கட்டி, உருவிய மாதத்தையும் வருஷத்தையும் அதில் எழுதி வைக்கவும்.